செல்போனில் சிறைப்பட்ட முகங்கள்

நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். முருகன் சிரிப்பார். லட்சுமியின் கையிலிருந்து பொற்காசு கொட்டும். கீழே பொடி எழுத்தில் உற்றுப் பார்த்தால், பல காலண்டர்களில் "சிவகாசி" என்று இருக்கும்.

ஊருக்கெல்லாம் படம் போட்டுக் கொடுக்கிற சீமை நம் சீமை. ஆனால் நம் வீட்டுச் சுவரில், நம் வீட்டு மனிதர்களின் படம் எத்தனை தொங்குகிறது?

தாத்தா படம் இருக்கிறது. பாட்டி படம் இருக்கிறது. கல்யாண ஆல்பம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகு? பிள்ளை தவழ்ந்தது, காது குத்தியது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது எல்லாம் எங்கே? செல்போனில்! ஆயிரம் படம் இருக்கிறது, இரண்டாயிரம் படம் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுகூட இல்லை.

ஒரு நாள் செல்போன் தண்ணீரில் விழுகிறது. அல்லது தொலைந்துபோகிறது. அத்துடன் பத்து வருட வாழ்க்கையும் போய்விடுகிறது.

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் இது வெறும் ஆசைக்கான விஷயம் அல்ல. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன், 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த கோர விபத்தை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பாத வீட்டில், மாலை போட ஒரு படம் வேண்டும். அப்போது எதைத் தேடுவது? அடையாள அட்டையில் உள்ள மங்கலான படம். இல்லாவிட்டால் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணக் கூட்டத்துப் படம். அதில் ஓரத்தில் நிற்கும் ஒரு சிறு முகம். அதைப் பெரிதாக்கினால், இறந்தவரின் சாயல்கூடத் தெரிவதில்லை.

அந்த நாளில் தேடுவதைவிட, நல்ல நாளிலேயே நல்ல படம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது அல்லவா? செல்போன் படத்தைக் காகிதத்தில் அழகாக எடுப்பது கம்ப சூத்திரம் அல்ல. நாலைந்து விஷயம் தெரிந்தால் போதும்.

லேபிளில் பிறந்த தொழில்

சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்த கதையே வேடிக்கையானது. 1922-ல் பி.அய்ய நாடாரும், ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சு எந்திரம், பிறகு காலண்டர் அடித்தது, டைரி அடித்தது, பாடப் புத்தகம் அடித்தது.

அந்தக் காலத்துக் காலண்டர் படங்கள் ஓவியர்கள் தீட்டியவை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி.கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. 1976-ல் அவர் காலமானார். அவர் படங்கள் இன்னும் பல பூஜை அறைகளில் இருக்கின்றன. ஏன் நிலைத்தன? அவை காகிதத்தில் இருந்ததால்தான்!

வானத்து நீலமும் பெட்டி நீலமும்

"செல்போனில் பளிச்சென்று இருந்த படம், பிரிண்ட் போட்டால் மங்கிப் போகிறதே, ஏன்?" இது எல்லோரும் கேட்கும் கேள்வி.

இதற்கு விடை நம் ஊர்த் தொழிலிலேயே இருக்கிறது. தீபாவளி இரவில் வாணம் வெடிக்கும்போது வானத்தில் தெரியும் சிவப்பைப் பாருங்கள். அது ஸ்ட்ரான்சியம் உப்பு எரிவதால் வரும் ஒளி. நீலம் செப்பு உப்பால் வருவது. இப்போது அதே வாணத்தின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். அதிலும் சிவப்பு உண்டு, நீலமும் உண்டு. ஆனால் வானத்தில் கண்ட பளபளப்பு இல்லை. காரணம், முன்னது ஒளி, பின்னது மை. ஒளி தானே எரிகிறது. மையோ, தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான்.

செல்போன் திரை வாணத்தைப் போன்றது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து எல்லா நிறங்களையும் காட்டுகிறது. இந்த மூவர்ணத் தத்துவத்தை 1861-லேயே மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி லண்டனில் படம் பிடித்துக் காட்டிவிட்டார். ஆப்செட் அச்சோ பட்டாசுப் பெட்டியைப் போன்றது. வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைதான் அதற்குக் கருவி. நான்கு மைக்கு நான்கு பிளேட். ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

ஆகவே, திரையில் தெரியும் சில நிறங்கள் காகிதத்துக்கு வரவே வராது. கிளிப்பச்சைப் பட்டு சற்று மங்கும். கண்ணைப் பறிக்கும் நீலம் ஊதா பக்கம் சாயும். இது அச்சகத்தார் செய்த மோசடி அல்ல. மையின் இயல்பு அது.

இருட்டாக வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செல்போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறோம். காகிதத்துக்குள் விளக்கு இல்லையே! பிரிண்ட் கொடுக்குமுன் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் முகம் தெளிவாகத் தெரிந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். முகம் இருண்டு தெரிந்தால், படத்தைச் சற்று வெளுக்கச் சொல்லுங்கள்.

புள்ளிக் கணக்கு

டிஜிட்டல் படம் என்பது புள்ளிக் கோலம். புள்ளி அதிகமானால் கோலத்தைப் பெரிதாகப் போடலாம். குறைவானால் சிறிதாகத்தான் போட முடியும்.

1975-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் எஞ்சினீயர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தபோது, அதன் படத்தில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். இன்று சாதாரண செல்போன்களிலும் 1 கோடியே 20 லட்சம் புள்ளி உள்ள படம் எடுக்க முடிகிறது. அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000.

கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் வழக்கமான கணக்கு. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200-க்கு 1,800 புள்ளி. 8-க்கு 12 அங்குலத்துக்கு 2,400-க்கு 3,600 புள்ளி. எனவே நல்ல செல்போனில் எடுத்த மூலப்படம், சுவரில் மாட்டும் 8-க்கு 12 அளவுக்குத் தாராளமாகப் போதும்.

கண்ணீர் அஞ்சலிக்கும் பிறந்தநாளுக்கும் பிளெக்ஸ் அடிக்கிறார்கள். பத்தடி உயரம்! அது மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது? தூரத்தில் நின்று பார்ப்பதால்தான். கிட்டப் போய்ப் பாருங்கள், புள்ளி புள்ளியாகக் கலைந்து கிடக்கும். பிளெக்ஸில் நன்றாக வந்தது என்பதற்காக, அதே படம் சட்டம் போட்டால் நன்றாக வரும் என்று நம்பக்கூடாது.

நெகட்டிவ் எங்கே?

அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் படம் எடுத்தால், நெகட்டிவை உறையில் போட்டு நம்பர் எழுதி வைப்பார்கள். வருஷம் பல கழித்துப் போனாலும் நம்பரைச் சொன்னால் புதுப் படம் போட்டுத் தருவார்கள். நெகட்டிவ் இருக்கும்வரை படத்துக்குச் சாவில்லை.

இன்றைய நெகட்டிவ் எது? செல்போன் எடுத்த அந்த மூலப்படம்தான். அதை நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வந்த படத்தைச் சேமித்துக்கொண்டு, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடுகிறோம். நெகட்டிவை அடுப்பில் போட்டுவிட்டு, அதன் நகலைப் பெட்டியில் பூட்டி வைப்பது போன்றது இது!

சாதாரணமாக வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால், படம் வேகமாகப் போகவேண்டும் என்பதற்காக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். 4,000 புள்ளி அகலம் சுமார் 1,600 ஆகிவிடும். 4-க்கு 6 அளவில் போட்டால் ஒருவாறு தேறும். அதையே 12-க்கு 18 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால், அங்குலத்துக்கு 90 புள்ளிகூட இராது. கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கேட்கவே வேண்டாம். முகத்துக்கு இருப்பதே 200 புள்ளிதான் என்றால், எட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 25. அது முகமாக இராது, மூட்டமாக இருக்கும்.

இதற்கு வழி சுலபம். வாட்ஸ்அப்பிலேயே போட்டோவாக அனுப்பாமல் "டாக்குமெண்ட்" என்று அனுப்பினால் படம் சுருங்காது. 2023 முதல் எச்.டி. என்ற வசதியும் இருக்கிறது. அது ஓரளவு நல்லது. ஆனால் டாக்குமெண்ட்தான் உத்தமம். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட நிம்மதி. திரையில் தெரிவதை "ஸ்கிரீன் ஷாட்" எடுத்துக் கொடுப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள்.

தலை போகும்!

"படம் நன்றாக வந்தது. ஆனால் மாமாவின் தலை பாதி போய்விட்டது!" இப்படியும் சண்டை நடக்கும்.

பெரும்பாலான செல்போன்கள் எடுக்கும் படம் நாலுக்கு மூன்று கணக்கு. 4-க்கு 6 அங்குலக் காகிதமோ மூன்றுக்கு இரண்டு கணக்கு. காகிதம் நிரம்ப வேண்டுமானால், படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டியே ஆகவேண்டும். வெட்டும் இடத்தைக் கம்ப்யூட்டரிடம் விட்டால் அதற்கு மாமாவும் தெரியாது, மாலையும் தெரியாது. ஆகவே, படம் எடுக்கும்போதே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். ஸ்டூடியோவில் "எங்கே வெட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டுத் திரையில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

எங்கே போடுவது?

ஒரு லென்ஸை எடுத்துக் காலண்டர் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சிறுசிறு வண்ணப் புள்ளிகள் தெரியும். அது ஆப்செட். ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு அதுவே மலிவு. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கோவில் விழா மலர் எல்லாம் அதில் அடிக்க வேண்டும். ஒரே ஒரு படத்துக்காகப் பிளேட் போட முடியாது.

அதே லென்ஸை ஸ்டூடியோவின் கலர் லேபில் போட்ட படத்தின் மேல் வையுங்கள். புள்ளி தெரியாது. லேபில் போட்டோ காகிதத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, பிறகு ரசாயனத்தில் கழுவி எடுக்கிறார்கள். முகத்தின் சருமமும் நிழலும் வழுவழுப்பாக வருவதற்கு இந்த முறை நல்லது. குடும்பப் படத்துக்கு இதையே கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் கையில் தரும் சிறு எந்திரப் படங்களும் அவசரத்துக்கு மோசமில்லை. ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் எடுத்த கலர் பிரிண்டை மட்டும் நம்பிச் சட்டம் போடாதீர்கள். அந்தத் தாள் படத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல.

பளபளப்புக் காகிதமா, மங்கல் காகிதமா? ஆல்பத்துக்குப் பளபளப்பு அழகு. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட மங்கல் காகிதம் சிறந்தது. விளக்கு வெளிச்சம் அடித்துக் கண் கூசாது.

பெரிய படம் போடுவதற்கு முன், அதே படத்தை 4-க்கு 6 அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். அச்சகத்தில் "புரூஃப்" பார்க்காமல் லேபிள் அடிப்பார்களா? நம் அம்மாவின் முகம் லேபிளைவிடக் குறைந்ததா? அந்தச் சிறு படத்தையும் டியூப் லைட்டின் கீழே மட்டும் பார்க்கக் கூடாது. வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடையில் பட்டுச் சேலையை வெளியே கொண்டுவந்து பார்ப்பார்களே, அதே யுக்திதான்.

கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்

இங்கே ஒரு குறையை மனம் விட்டுச் சொல்லத்தான் வேண்டும். படத்தைத் திருத்துகிறேன் என்று சொல்லி முகத்தை வெளுத்துவிடுகிறார்கள். வெயிலில் நின்று உழைத்த அப்பாவின் முகம், பிரிண்டில் பால்கோவா நிறத்தில் வருகிறது. நெற்றிக் கோடு இல்லை. கன்னத்து மச்சம் இல்லை. கண் மட்டும் யாருடையதோ போல் விழிக்கிறது. ஸ்டூடியோக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. "கொஞ்சம் கலராப் போடுங்க அண்ணாச்சி" என்று கேட்பவர்கள் நாம்தானே! செல்போனில் உள்ள அழகு சாதனமும் நம்மைக் கேட்காமலே இந்த வேலையைச் செய்கிறது. அதை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். ஸ்டூடியோவில் "முகத்தைத் தொடாதீர்கள், வெளிச்சத்தை மட்டும் சரிசெய்யுங்கள்" என்று சொல்லுங்கள்.

இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கித் தருகிறார்கள். படமும் பளிச்சென்று வருகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. படத்தில் இல்லாத புள்ளியைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், "இப்படித்தான் இருக்கும்" என்று கற்பனை செய்து நிரப்புகிறது. சட்டத்துக்குள் இருப்பவர் அழகாக இருப்பார். ஆனால் அவர் நம் அண்ணன்தானா? விபத்தில் போன மனிதரைப் படத்திலும் ஒருமுறை தொலைக்கலாமா? வேறு படமே இல்லை என்ற கட்டத்தில் வேண்டுமானால் அதைக் கையாளட்டும். அப்போதும், அவருடன் பழகியவர்கள் நாலு பேர் பார்த்து "ஆமாம், இவர்தான்" என்று சொன்ன பிறகே சட்டம் போடவேண்டும்.

சுவரில் மாட்டிய பின்

நல்ல படத்தையும் வைக்கத் தெரியாமல் கெடுப்பது உண்டு. நம் பக்கத்து வெயில் தெரிந்ததே. ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் சில வருஷத்தில் நிறம் வெளுத்துவிடும். படம் கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துவிடும். நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பூஜை அறையில் விளக்குப் புகைக்கு நேர் மேலே வேண்டாம். குங்குமத்தைக் கண்ணாடியின் மேல் வைக்கலாம். படத்தின் மேல் வைக்கக்கூடாது.

பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பேரன் காலத்தில் அந்த ஒரு வரிக்கு விலை மதிப்பே கிடையாது.

மூலப்படத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில் பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கட்டும். மற்றொன்று வெளியூரில் இருக்கும் தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். ஒரே செல்போனை நம்பியிருப்பது, ஒரே கயிற்றில் கிணற்றில் இறங்குவது போன்றது.

யார் என்ன செய்யலாம்?

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடை வாசலில், "மூலப்படத்தைக் கொண்டு வாருங்கள், வாட்ஸ்அப் படம் பெரிதாகாது" என்று ஒரு போர்டு வையுங்கள். தேறாத படத்தைப் பெரிதாக்கக் கேட்டால், "இது இந்த அளவுக்குத்தான் தாங்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அன்று ஒரு பெரிய பிரிண்டின் காசு போகலாம். ஆனால் அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் உங்கள் கடையைத் தேடி வரும்.

ஆலை நடத்துபவர்களும் ஒன்று செய்யலாம். ஆயுத பூஜையன்று தொழிலாளர்கள் குளித்து, நல்ல துணி உடுத்தி, பொட்டு வைத்து வருகிறார்கள். அன்றைக்கு ஒரு படக்காரரை அழைத்து, ஒவ்வொருவரையும் தனியாக ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தால் என்ன? போனஸோடு சேர்த்துக் கொடுத்தால் பெரிய செலவாகிவிடாது. சிரித்த முகத்தோடு தங்களுக்கென்று ஒரு படம் இல்லாதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவா?

குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: ஆண்டுக்குப் பத்துப் படம் போதும். ஆயிரத்தில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பம் வெளியிடுகிறார்கள் அல்லவா? அதே நாளை வீட்டுக்கும் ஆல்பம் போடும் நாளாக வைத்துக்கொள்ளலாம். அம்மா ஒன்று, அப்பா ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தனித்தனியாக, முகம் தெரிய, நல்ல வெளிச்சத்தில். செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் ஆகாது.

நாடெங்கும் சுவருக்கு வண்ணம் கொடுத்த மண் இது. இந்த மண்ணில் உழைக்கிறவரின் முகம் அவர் வீட்டுச் சுவரிலேயே இல்லை என்றால், அந்தக் குறையை நாம்தான் தீர்க்க வேண்டும். அதுவும் அவர் சிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தீர்க்க வேண்டும்.